சணலில் கட்டிய பென்சில்

மீஞ்சூர் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் சணல் கயிற்றில் தொங்கிய அந்தப் பென்சில் கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்திருந்தது. தேய்த்தவர் என் அண்ணி. எழுபதுகளின் தொடக்கம். பட்டணத்தில் அண்ணி டைப்பிஸ்ட், எனக்கு அச்சகத்தில் வேலை. காலையில் இருவருக்கும் ஒரே வண்டி. வண்டி என்றா சொன்னேன்? கும்மிடிப்பூண்டியிலேயே நிரம்பி, படியெல்லாம் கொத்துக் கொத்தாய் மனிதர் தொங்க, மூச்சிரைத்து வந்து நிற்கும் ஒன்று. கடைசிப் பெட்டி மட்டும் பூட்டியே வரும். ஏனென்று கேட்பாரில்லை, அண்ணியைத் தவிர.

புகார்ப் புத்தகத்தை முன்னதாகக் கேட்டால், "வண்டியே வரல, அதுக்குள்ள இன்னா புகாரு?" என்பார் மாஸ்டர். சாயங்காலம் கேட்டால், "காலைல போன வண்டிக்கு இப்ப இன்னாம்மா?" ஆக, வண்டி நிற்கும்போதுதான் எழுத முடியும்; எழுதினால் வண்டி போய்விடும். அண்ணி போகவிட்டு எழுதுவார். "கடைசிப் பெட்டியைத் திறந்துவிடவும்." ஒரே வரி. "அண்ணி காயிதம் எழுதப் போவுது, பதில் வந்தா சொல்லுங்கடா" என்று படியில் தொங்குகிறவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள்.

நாலு வருஷம் காத்திருந்து அண்ணி உண்டானார். ஏழாம் மாதம். அன்று கால் வைக்க இடமில்லை. "நீ போ தம்பி. நா எழுதிட்டு அடுத்த வண்டில வர்றேன்" என்றார். எனக்கு என்ன அவசரமோ, என்ன வெட்கமோ. "எழுதி இன்னா ஆவப் போவுது? கெடச்சதுல ஏறு அண்ணி" என்று கையைப் பிடித்து இழுத்தேன். ஏறினார். கூட்டம் அவரை வாசல் கம்பியோடு நெரித்தது. அத்திப்பட்டு தாண்டும்போது என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். குழந்தை தங்கவில்லை, பிறகும் பிறக்கவில்லை.

என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். மறுபடி வேலைக்கு வந்தபோது அந்த அறைப் பக்கமே திரும்பவில்லை. ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும், "வந்துச்சில்ல தம்பி, அது போதும்" என்பார். அந்தப் 'போதும்' என்னுடையது. நான்தான் அவர் வாயில் வைத்தேன்.

இப்போது மின்சார வண்டி. கூட்டம் அதேதான், பார்த்துச் சிரிப்பதற்குத்தான் ஒரு அண்ணி இல்லை. போன மாதம் எதற்கோ துணிந்து அறைக்குள் போய்ப் புத்தகம் கேட்டேன். "இன்னாத்துக்கு சார்? அதான் வண்டி வருதே" என்றபடியே தேடி எடுத்துத் தூசி தட்டினார் புது மாஸ்டர். சணலில் பென்சில் தொங்கியது. முழு நீளம். இன்னும் சீவவேயில்லை.

வெளியே வண்டி ஊதியது. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.