மூன்றாவது மாடிக்கு ஒரு புறப்பாடு

இன்று மாலை மொட்டைமாடி ஓட்டல் ஒன்றில் பாட்டுக் கச்சேரி. என் காலில் மாவுக்கட்டு. ஏற வேண்டியது மூன்று மாடி.

லிஃப்ட் எங்கே என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"லிஃப்ட் எதுக்குண்ணா? காஞ்சிபுரத்துல தூக்கறதுக்கா ஆள் இல்ல?"

பொய்யில்லை. என்னோடு வந்த நண்பர்கள் நாலு பேரும் உற்சவத்தில் பெருமாளுக்குத் தோள் கொடுப்பவர்கள். பிளாஸ்டிக் நாற்காலியோடு என்னைத் தூக்கிவிட்டார்கள். படித் திருப்பத்தில் நின்று, பல்லக்கை ஆட்டுவது போல ஆட்டியும் காட்டினார்கள். எல்லாரும் போனில் படம் பிடித்தார்கள். ஒரு அம்மா சிரித்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

இரண்டாவது பாட்டின்போது மேனேஜரைக் கூப்பிட்டு, "பாத்ரூம் எங்கபா?" என்றேன்.

"கீழதாண்ணா."

நண்பர்களைப் பார்த்தேன். அப்போதுதான் பிரியாணி வந்திருந்தது.

"இருப்பா, சாப்ட்டுக்கினு இருக்கோம் இல்ல" என்றான் குமார்.

அடுத்த ஐந்து பாட்டும் எனக்கு ஒன்றுபோலவே கேட்டன.

படி ஏறாமல் போய்வரக்கூடிய இடம் ஏதாவது இந்த ஊரில் இருந்தால் சொல்லுங்கள். தூக்கிப் போக ஆள் இருந்தால் பெருமாளுக்குப் போதும். அவர் நடுவில் பாத்ரூம் கேட்பதில்லை.