சோஹார், அறை எண் 14: எட்டுக் கப்புகளும் ஒரு சூரிய உதயமும்

போன மே மாதக் கடைசியில் சோஹார் மீன் சந்தையில் எடுத்த சூரிய உதயப் படத்தை இங்கே போட்டேன். அன்றிலிருந்து எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் ஆகஸ்டில் அதே ஊருக்கு இரண்டாம் தடவை போனேன். அந்தப் பயணத்தைச் சொல்லாமல் முதல் பயணத்துக்கு வழி சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஜாலியாக எதையாவது படிக்கலாம் என்று வந்தவர்கள் வேறு பதிவுக்குப் போய்விடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் ஷார்ஜாவில் ஒரு அச்சகத்தில் வேலை பார்ப்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். லீவு நாட்களில் இன்னொரு வேலையும் உண்டு. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதார ஆய்வு மையம் இருக்கிறது. முதலாளிக்குக் கிடைக்கிற ஆரோக்கியம் கூலி ஆளுக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. வெயிலில் உழைக்கிறவர்களின் சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஓமன் மருத்துவர்களோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். தமிழ்த் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் கேம்ப்புகளில் மொழிபெயர்ப்பதும் மாதிரி சேகரிப்பதும் என் வேலை.

மே மாதம் எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு அறை. சோஹார் தொழிற்பேட்டைக்குப் பக்கத்துக் கேம்ப், அறை எண் 14, எட்டுப் பேர், எல்லாரும் அரியலூர், பெரம்பலூர் பக்கத்து ஆட்கள். வெள்ளிக்கிழமை டூட்டி இல்லை என்பதால் அதிகாலையில் போய், எண் ஒட்டிய பிளாஸ்டிக் கப்பை ஒவ்வொருவரிடமும் கொடுத்து, கழிப்பறை வாசலிலேயே நின்று ஒருவர் ஒருவராகச் சிறுநீர் மாதிரியை வாங்க வேண்டும். "வாசல விட்டு மாறாதே, கேட்டோ?" என்று டாக்டர் ஷீபா மூன்று தடவை சொல்லியிருந்தார். எங்கள் குழுவின் தலைவர் அவர், மலையாளி. அன்று அவர் ஹிந்திக்காரர்கள் இருந்த பிளாக்கில் இருந்தார்.

எனக்கோ வேறு கவலை. அன்று சூரிய உதயம் 5.25க்கு. கேம்ப்பிலிருந்து மீன் சந்தைக்குப் பதினெட்டு கிலோமீட்டர். 4.50க்கு எட்டுக் கப்பையும் அறையில் மூத்தவரான முருகேசனிடம் கொடுத்து, "அண்ணே, ரொப்பி ரெடியா வைங்க, வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு டாக்ஸி பிடித்துப் போய்விட்டேன். நீங்கள் ஆகா ஓகோ என்ற படம் அப்போது எடுத்ததுதான். 6.40க்குத் திரும்பினால் எட்டுக் கப்பும் ஒரு சோற்றுத் தட்டில் வரிசையாக, மூடி திருகி, ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருந்தன. எவ்வளவு ஒழுங்கான ஆட்கள் என்று சந்தோஷப்பட்டேன். என்னைப் போல ஒரு மடையன் உண்டா?

ஜூலை முதல் வாரம் டாக்டர் ஷீபா கூப்பிட்டார். "பதினாலாம் ரூம், எட்டு ரிசல்ட்டும் ஒண்ணுதான். இது எட்டு ஆளோட யூரின் இல்லா, ஒரே ஆளோட. அந்த ஆளுக்குக் கிட்னி ரொம்ப மோசம். யாரு அது?" சந்தைக்குப் போன கதையைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கம்பெனிக்குத் தெரியக் கூடாது. நீயே கண்டுபிடி" என்று வைத்துவிட்டார். முருகேசனுக்குப் போன் போட்டேன். "எல்லாரும் ஜம்முனு இருக்கோம் சார், மாத்தியெல்லாம் ஊத்தல" என்றார். நாலு வாரம் இதே பதில். அச்சகத்தில் லீவு கிடைக்கவில்லை என்று நானும் நாளைக் கடத்தினேன். ஒருவனுக்குள்ளே சிறுநீரகம் செத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும் சாப்பிட்டேன், தூங்கினேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமை கிளம்பினேன். ஷார்ஜாவிலிருந்து கல்பா எல்லை வழியாகச் சோஹாருக்கு ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். கார் லிஃப்டில், அதாவது நாலு பேர் பங்கு போட்டுப் போகும் காரில், ஒரு சீட்டுக்கு 130 திர்ஹம் கொடுத்தேன். ஓட்டியவர் குல் பாய், பெஷாவர்க்காரர். காலை 5.15க்குப் புறப்பட்டு, 6.35க்கு எல்லை, அங்கே ஒரு மணி நேரம் வரிசை, 8.50க்குச் சோஹார். வழியெல்லாம் மொட்டை மலை, அப்புறம் பேரீச்சந்தோப்பு. "இந்த கர்மியில, இவ்வளவு வெயில்ல சுத்திப் பார்க்கவா பாய்?" என்று குல் பாய் கேட்டார். ஒரு ஆளைப் பார்க்க என்றேன். "ஆள் பேரு?" என்றார். எனக்கே தெரியாது என்றதும் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ரேடியோவைப் போட்டுக்கொண்டார்.

ஊரிலிருந்து கேம்ப்புக்கு டாக்ஸி, நாலு ரியால். 9.30க்கே 41 டிகிரி. அறையில் வெள்ளிக்கிழமைக் கோழி கொதித்துக்கொண்டிருந்தது. முருகேசன் கரண்டியும் கையுமாக என்னைப் பார்த்து நின்றுவிட்டார். நான் சுற்றி வளைக்கவில்லை. யாரோ ஒருத்தருக்கு ரொம்ப முடியவில்லை, அது யாரென்று தெரியாமல் இங்கிருந்து நகர மாட்டேன் என்றேன்.

முருகேசன் அடுப்பை அணைத்தார். "பயந்துட்டோம் சார். எனக்குச் சுகர் இருக்கு, இவனுக்கு பிரஷர். காயிதத்துல ஏறிட்டா கம்பெனி அன்ஃபிட்னு டிக்கெட்டக் கையில குடுத்துருவான். கலாஸ், அத்தோட முடிஞ்சிது. அதான் நல்லா இருக்கறவன்கிட்ட வாங்கி ஆளுக்குக் கொஞ்சமா ஊத்திக்கிட்டோம்."

"யாரு அந்த நல்லா இருக்கறவன்?"

"நம்ம வேலுதான். குடி கெடையாது, பீடி கெடையாது, இருபத்தொம்பது வயசு. நாங்க எல்லாம் மயங்கி வுழற வெயில்ல அவன் ஒருத்தன்தான் நட்ட கம்பாட்டம் நிப்பான். அவனுக்கா சார்? ரிசல்ட்டு மாறிப்போயிருக்கும், நல்லாப் பாருங்க."

வேலு கீழ்க்கட்டிலில் படுத்திருந்தான். மே மாதம் அவன் மேல்கட்டிலில் இருந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. "சாருக்குத் தெரியாதா? மாப்பிள்ளைக்குச் சதை போட்டுருச்சு, ஏற முடியல" என்று ஒருவர் கிண்டல் செய்தார். அவன் எழுந்து உட்கார்ந்து சிரித்தான். முகம் ஊதி, கண் பாதி மூடியிருந்தது. டாக்டர் ஷீபா சொல்லி அனுப்பியபடி அவன் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்கினேன். எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. சதை இல்லை, நீர். ஏழு பேரும் அந்தக் குழியைப் பார்த்தார்கள். கிண்டல் செய்தவர் வெளியே எழுந்து போய்விட்டார்.

வெயிலில் எப்படி அசராமல் நிற்பாய் என்று கேட்டேன். காலையில் இரண்டு வலி மாத்திரை, மத்தியானம் இரண்டு என்றான். மூன்று வருஷமாக அப்படித்தானாம். தண்ணீர் அதிகம் குடிக்க மாட்டானாம், சைட்டில் கழிப்பறை ரொம்பத் தூரம், போய் வந்தால் ஃபோர்மேன் "ஜல்தி, ஜல்தி" என்று கத்துவாராம். "அன்னிக்குத்தான் சார் ரெண்டு பாட்டில் தண்ணிய ஒரே மூச்சுல குடிச்சேன். எட்டுக் கப்பு ரொப்பணும்ல? எல்லாரும் என்கிட்ட வந்து கேட்டாங்களா, கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு" என்றான். முருகேசன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அன்று புதுக் கப்புகளோடு போயிருந்தேன். கழிப்பறை வாசலில் ஒன்றே கால் மணி நேரம் நின்று எட்டுப் பேரிடமும் ஒருவர் ஒருவராக வாங்கினேன். வேலுவின் கப்பில் நுரை அடங்கவே இல்லை, அதுவும் சிறுநீரகம் கெட்டதற்கு அடையாளம். மத்தியானம் ஆய்வில் சேர்ந்திருந்த ஓமன் மருத்துவரிடம் அவனைக் கூட்டிப்போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். "கம்பெனிக்குத் தெரியாதுல்ல சார்?" என்று வழியில் இரண்டு தடவை கேட்டான். தெரியாதுப்பா, நான் பொறுப்பு என்றேன். மறுநாள் காலை முடிவு வந்தது. இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய நின்றுவிட்டன, உடனே அட்மிட் ஆக வேண்டும் என்றார்கள். அட்மிட் ஆகக் கம்பெனிக் கடிதம் வேண்டும் என்றும் சொன்னார்கள். என் பொறுப்பு ஒரு நாள்தான் தாங்கியது.

கடிதம் கொடுத்த கம்பெனியே பன்னிரண்டாம் நாள் அன்ஃபிட் என்று அவனை மஸ்கட்டில் விமானம் ஏற்றியது. ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிட்டான். "எட்டுப் பேருக்கும் சேர்த்து நான் பாஸ் பண்றதா இருந்துச்சு சார். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஃபெயிலாயிட்டேன்" என்று சிரித்தான். மே மாதமே அவரவர் மாதிரியை நின்று வாங்கியிருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று டாக்டர் ஷீபாவைக் கேட்டேன். "எனக்கு அறியில்லா. கொஞ்ச மாசம் கிட்டியிருக்கும். ஒருவேள வருஷம் கிட்டியிருக்கும்" என்றார். முருகேசனுக்கு மட்டும் அந்த ஓமன் மருத்துவர் சத்தமில்லாமல் சுகர் மாத்திரை தருகிறார். ஆய்வு மையத்தின் அறிக்கையில் பதினாலாம் அறையே இல்லை. முதல் மாதிரி கலப்படம், இரண்டாவது முறைப்படி எடுக்காதது என்று எட்டுப் பேரையும் நீக்கிவிட்டார்கள். விதி அப்படி, அவர்கள்மேல் குற்றமில்லை. வேலுவின் சிறுநீரகத்துக்கு ஒரு புள்ளியாகக்கூட அதில் இடம் கிடைக்கவில்லை என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சரி, கேட்டதற்குப் பதில். ஓமன் விசாவை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள். சொந்தக் காரென்றால் ஓமனுக்கான இன்சூரன்ஸ் கார்டு கட்டாயம். வெள்ளிக்கிழமை எல்லையில் கூட்டம் இருக்கும், ஆறு மணிக்குள் போய்ச் சேர்வது நல்லது. கேம்ப்பில் யாராவது சொந்தக்காரர் இருந்தால் பிஸ்கட் பாக்கெட்டோடு நிற்காமல் அவர் காலை அமுக்கிப் பாருங்கள், என்ன மாத்திரை போடுகிறார் என்று கேளுங்கள், தினமும் போடுகிற வலி மாத்திரை சிறுநீரகத்தைத் தின்றுவிடும். யாராவது சோதிக்க வந்தால் அவரவர் கப்பை அவரவரே ரொப்பச் சொல்லுங்கள். பயம் நியாயமானதுதான், இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். இருந்தாலும் சொல்லுங்கள்.

வேலு இப்போது தஞ்சாவூரில் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் செய்துகொள்கிறான். நாலு மணி நேரம் படுத்தே இருக்க வேண்டும், பொழுது போகாமல் இந்த வலைப்பதிவைத் தேடிப் படித்திருக்கிறான். போன வெள்ளிக்கிழமை குரல் செய்தி அனுப்பினான். "சார், அந்தப் படம் நம்ம சோஹாரா? நாலு வருசம் இருந்தேன், ஒரு நாளும் அந்தக் கடலப் பாத்ததில்ல. சூப்பரா இருக்கு. எத்தன மணிக்கு எடுத்தீங்க?"

இன்னும் பதில் அனுப்பவில்லை. 5.31க்கு எடுத்தேன் தம்பி. நீ எட்டுக் கப்பை ரொப்பிக்கொண்டிருந்த நேரம்.