கோல் கம்பத்துச் சாக்கு

1. விரல் இறங்கவில்லை

மேட்ச் அன்று காலை ஏழு மணிக்குக் கோல் கம்பத்துச் சாக்கைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தேன். விரல் இறங்கவில்லை. பலமாக அமுக்கினேன். நகம்தான் வலித்தது. அடுத்த கம்பத்துக்குப் போனேன். அதுவும் அப்படியே. மைதானத்தின் மறு கோடிக்கு ஓடி அங்கிருந்த இரண்டையும் பார்த்தேன். நான்கு சாக்கும் கல்லாகக் கிடந்தன.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தாறு வயது. பேர் பதிவு இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். வேலை மட்டும் அங்கிருந்த துரைமார் கிளப்பில், கிரவுண்டு பார்ப்பது. புல் வெட்டுவேன், சுண்ணாம்புக் கோடு போடுவேன், ஆட்டச் சாமான்களைக் காப்பேன். துரைமார் அங்கே ஆடியது ரகர், ரக்பி என்பார்களே அது. பந்து கோழிமுட்டை வடிவில் இருப்பதால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆட்கள் அதை முட்டைப்பந்து என்பார்கள். ஒருவரையொருவர் இடுப்பில் பாய்ந்து கட்டிப் பிடித்துச் சேற்றில் உருளும் ஆட்டம். முதல் தடவை பார்த்தபோது சண்டை என்று நினைத்து விலக்கிவிட ஆள் தேடினேன்.

இன்றைக்கு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனால் பல்லுக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, தலைக்கு ஒன்று என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் ஸ்டோரில் இருந்தது மூன்றே வகை. முன்னால் நின்று முட்டித் தள்ளுகிறவர்களுக்குக் காது பிய்ந்துபோகாமல் தோல் தொப்பி. முழங்காலுக்குக் கீழே கட்டும் பேட். அப்புறம் கோல் கம்பத்தில் ஆள் உயரத்துக்குக் கட்டும் சாக்கு. கோட்டைத் தாண்டிப் பந்தை மண்ணில் வைக்க விழுந்தடித்து வருகிறவர் கம்பத்தில் மோதினாலும் அடி படாமல் இருக்கத்தான் அந்தச் சாக்கு. இந்த மூன்றுக்கும் பொறுப்பு நான்.

2. வைக்கோல் வராத வருஷம்

சாக்குக்குள் வைக்கோல் இருக்க வேண்டும். எங்கள் மலையில் வைக்கோல் ஏது? கண்டிக்குக் கீழேயிருந்து லொறியில் வர வேண்டும். ஒவ்வொரு ஏப்ரலிலும் நான் கிளாக்கர் ஐயாவிடம் ஞாபகப்படுத்தினால் அவர் கடிதம் போடுவார். அந்த ஏப்ரலில் நான் மறந்துவிட்டேன். வருஷப் பிறப்பு, வீட்டில் காய்ச்சல் என்று காரணம் சொல்லலாம். காரணமெல்லாம் பிறகு தேடிக்கொண்டதுதான்.

மே மாதம் செக்ரட்டரி துரை மைதானத்துக்கு வந்தார். கிளப்புக்குச் செக்ரட்டரியும் எங்கள் தோட்டத்துப் பெரிய துரையும் அவரே. வெள்ளைக்காரர். தமிழ் பேசுவார், அதட்டுவதற்கு வேண்டிய தமிழ் மட்டும்.

"டேய், சாக்கு எல்லாம் ரெடியா?"

"ரெடிங்க துரை."

இல்லை என்று சொல்லியிருந்தால் ஒரு வசவோடு போயிருக்கும். பயந்த வாய் முந்திக்கொண்டது.

அன்றைக்கே மச்சான் செல்லையாவிடம் போனேன். என் மனைவி பாக்கியத்தின் தம்பி. பெக்டரியில் தேயிலைப் பெட்டி அடைக்கிறவன், கெட்டிக்காரன்.

"வைக்கோலு எதுக்கு மச்சான்? கழிவுத் தூளு மலையா கெடக்கு. பஞ்சாட்டம் இருக்கு. எப்படியும் எருவாக்க ஒரக்குழிக்குத்தான் போவுது" என்றான்.

"வெளிய கொண்டாந்தா களவும்பாங்களேடா."

"ஒரக்குழி கிளப்பு வேலிக்குப் பக்கத்துலதானே இருக்கு? வண்டில வர்றத அங்கேருந்து நாம எடுத்துக்குவோம். யாரு பாக்கப் போறா?"

கழிவுத் தேயிலையை நல்ல தூளோடு கலந்து விற்றுவிடுவார்கள் என்று அந்தக் காலத்தில் கடும் கட்டுப்பாடு. ஒரு மடி தூள் தோட்டத்து எல்லையைத் தாண்டினாலும் பதிவிலிருந்து பேர் வெட்டிவிடுவார்கள். பேர் வெட்டினால் வேலையோடு லயத்துக் காம்பிராவும் போகும். எந்த நாட்டுப் பிரஜை என்று காட்ட எங்களிடம் ஒரு தாள் கிடையாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராதான் எங்களுக்கு நாடு. பாக்கியத்துக்கு அப்போது ஏழு மாதம்.

இவ்வளவும் தெரிந்துதான் சரி என்றேன்.

செல்லையா நான்கு சாக்கையும் தன் தொழில்படி அடைத்தான். கொஞ்சம் தூள் போட்டுக் குலுக்குவான், கட்டையால் குத்துவான், மறுபடி போட்டுக் குலுக்குவான். "ஒரு வெரலு எடம் இருந்தாலும் பெட்டி லண்டன்லேருந்து திரும்பி வந்துரும் மச்சான்" என்று சொல்லிக்கொண்டே வாயை இழுத்துத் தைத்தான். பழைய வைக்கோல் சாக்குகள் தொந்தி சரிந்து தொங்கும். இவை நிமிர்ந்து நின்றன. நாங்கள் இரண்டு பேரும் தள்ளி நின்று பார்த்துப் பெருமைப்பட்டோம். காய்ந்திருந்தவரை அமுக்கினால் ஓரளவு விட்டும் கொடுத்தது.

3. மூன்று நாள் மழை

மேட்சுக்கு முன்னால் மூன்று நாள் விடாத மழை. உள்ளே இருந்தது தேயிலை. தண்ணீரைக் குடித்து ஊதியது. ஊத இடமில்லாமல் மச்சான் அடைத்து வைத்திருந்தான். இறுகிவிட்டது. வைக்கோலுக்குள் காற்று இருக்கும். அந்தக் காற்றுதான் ஆளைத் தாங்குகிறது. இது அந்தக் காலை வரை எனக்குத் தெரியாது.

கம்பத்தடியில் கறுத்த சாயம் வடிந்துகொண்டிருந்தது. மூக்கைத் துளைக்கும் தேயிலை வாசம் வேறு. வரப் போகிறவர்கள் எல்லாரும் தேயிலையிலேயே குளித்து எழுகிறவர்கள். கண்டுபிடித்துவிடுவார்களே என்ற பயம்தான் எனக்கு முதலில் வந்தது. யாராவது மோதினால் என்ன ஆகும் என்ற பயம் இரண்டாவதாகத்தான் வந்தது. இந்த வரிசையை நினைத்து இன்றைக்கும் கூசிப்போகிறேன்.

ஸ்டோரிலிருந்து பழைய கித்தான் கூடாரத் துணியை எடுத்துக் கிழித்து நான்கு சாக்குக்கும் மேலே சுற்றிக் கட்டினேன். வாசம் அடங்கியது. பார்க்கவும் மெத்தைபோல் ஆகிவிட்டது.

அவிழ்த்து எறிந்திருக்கலாம். வெறும் கம்பத்தைக் கண்டால் ஆடுகிறவர் ஒதுங்கி ஓடுவார். சாக்கு கட்டிய கம்பம் என்றால்தான் துணிந்து வருவார். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவிழ்த்தால் செக்ரட்டரி துரை ஏன் என்று கேட்பார். கத்தியைக் கையில் எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். அதற்குள் ஜீப்புகள் வரத் தொடங்கிவிட்டன.

எங்கள் தோட்டத்துச் சின்னதுரை ஜயலத் என்று ஒருவர். சிங்களவர். கண்டியில் படித்தபோதே ரகர் பழகியவர். ஓரத்தில் பந்தை வாங்கிக்கொண்டு கோடு வரை ஓடுவதுதான் அவர் வேலை. தொப்பி போட மாட்டார். முந்திய வருஷம் ஒருமுறை சறுக்கிப் போய்க் கம்பத்தில் மோதி, தலையெல்லாம் வைக்கோலோடு சிரித்துக்கொண்டே எழுந்தவர். அதிலிருந்து ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்பார். துரைமாரில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

அன்றும் வந்தார்.

"முத்தையா, சாக்கு சரிதானே?"

சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. பக்கத்தில் யாரும் இல்லை. வாயைத் திறந்தேன். அப்போது பத்தடி தள்ளிச் செக்ரட்டரி துரை விசிலடித்துக்கொண்டே நடந்து போனார்.

"சரிங்க துரை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு ஓடினார்.

4. சத்தம்

அந்த ஆட்டத்தில் யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பந்து எந்தக் கோடிக்குப் போகிறதோ அந்தக் கோடிக்கு வேலியோரமாக ஓடினேன். மோதப்போகிறவரை நான் பிடித்துவிடவா முடியும்? ஆனாலும் ஓடினேன். பந்து நடுவுக்குத் திரும்பினால் மூச்சு வரும். "என்னா முத்தையா, நீயும் வெளையாடுறியா?" என்று ஜீப் டிரைவர்மார் சிரித்தார்கள். பெக்டரிச் சக்கரத்தைக் காக்கும் ரோதமுனி சாமிக்குக் கோழி நேர்ந்துகொண்டேன். முனியாண்டிக்கும் ஒன்று நேர்ந்தேன்.

பாதி ஆட்டம் ஒன்றுமில்லாமல் முடிந்தது. இடைவேளையில் எலுமிச்சைத் துண்டுகளைத் தட்டில் வைத்து நீட்டினேன். ஜயலத் துரை ஒரு துண்டை எடுத்துக் கடித்து முகத்தைச் சுளித்தார். இப்போதாவது சொல் என்றது மனசு. அவர் தோலை எறிந்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசிப் பத்து நிமிஷத்தில் அவர் கைக்குப் பந்து வந்தது. ஓரமாக ஓடி வந்தவர் உள்ளே திரும்பினார். பின்னால் ஒருவர் பாய்ந்து அவர் இடுப்பைப் பிடித்தார். இரண்டு பேருமாகச் சேற்றில் சறுக்கினார்கள். ஜயலத் துரை கைகளால் தடுக்கவில்லை. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையும் தோளும் முன்னே போக, கம்பத்தைப் பார்த்து நேராக வந்தார்.

லொறியிலிருந்து நிறைந்த தேயிலைப் பெட்டி கைதவறி விழுந்தால் ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம்.

பிடித்தவர் எழுந்துவிட்டார். இவர் எழவில்லை. கண் திறந்திருந்தது. வலது கை மண்ணைப் பிராண்டியது. இடது கை அசையவே இல்லை. இரண்டு துரைமார் அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைக்கப் போனார்கள். பார்க்க வந்திருந்த டாக்டர் ஒருவர், "தொடாதீங்க! கழுத்த ஆட்டாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். கிளப்பின் கதவு ஒன்றைக் கழற்றி, அதில் படுக்கவைத்து, தலைக்கு இரு பக்கமும் சுருட்டிய கோட்டு வைத்துக் கொண்டுபோனார்கள். கதவின் ஒரு மூலையை நான் பிடித்தேன். அவர் செத்துப்போவார் என்றுதான் நினைத்தேன். அந்த நேரத்திலும், செத்தால் என்னைத் தூக்கில் போடுவார்களா என்று இன்னொரு நினைப்பு ஓடியது.

அவரை ஏற்றிய ஜீப் போனபின் செக்ரட்டரி துரை கம்பத்துக்கு வந்தார். கித்தானைத் தூக்கினார். பெருவிரலால் அமுக்கினார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். தினமும் காலையில் பெக்டரியில் வரிசையாகக் கோப்பை வைத்து ருசி பார்க்கிற மனுஷர்.

"இது என்னா?"

"வைக்கோலுங்க துரை. மழைல நனைஞ்சு..."

மறுபடி முகர்ந்தார். என்னைப் பார்த்தார். பிறகு கிளப் வாசலில் நின்ற வெளித் தோட்டத்துத் துரைமாரைப் பார்த்தார். அவருடைய பெக்டரியிலிருந்து வெளியே வந்த தூள் அது. அவருக்கும் மேலே கேள்வி கேட்க ஆட்கள் இருந்தார்கள். கித்தானைக் கீழே விட்டார்.

"பொதைச்சிரு. இப்பவே" என்று மெல்லச் சொன்னார். அவர் மெல்லப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

துரைமாருக்கும் பயம் உண்டென்று அன்றைக்குத்தான் கண்டேன். அவர் பயம் என்னைக் காப்பாற்றியது. எனக்கு அதில் ஒரு ஆறுதலும் வரவில்லை.

5. பங்களாவின் பின்கதவு

இரண்டு மாதம் கழித்து, சாமான்களைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக ஜயலத் துரை ஆஸ்பத்திரியிலிருந்து தன் பங்களாவுக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த இரண்டு மாதமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்ற ஒவ்வொரு நாளும், பேர் வாசிக்கும் கண்டாக்கையா என் பேரைக் கூப்பிடாமல் விட்டுவிடுவார் என்று பயந்துகொண்டே நின்றிருக்கிறேன். இனித் தாங்காது என்று பின்கதவுக்குப் போனேன்.

அவரே வெளியே வந்தார். கழுத்தைச் சுற்றிக் கட்டு. ஆள் இளைத்திருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வைக்கோல், பொய், தூள், கித்தான் எல்லாம். செல்லையா பேரை மட்டும் விட்டுவிட்டேன்.

"தேயிலைன்னு தெரியும்" என்றார். "விழுந்து கெடந்தேன் இல்ல? மூக்குப் பக்கத்துலதான் வடிஞ்சிச்சு. யார்கிட்டயும் சொல்லல்ல. இனியும் சொல்ல மாட்டேன்."

நான் அழுதுவிட்டேன்.

"முத்தையா, சாக்கு இல்லாட்டி நான் சுத்தி ஓடியிருப்பேன். நான் ஒங்கிட்ட கேட்டேன் தானே?"

"கேட்டீங்க துரை."

அவ்வளவுதான் பேச்சு. சட்டையின் வலது கைப் பொத்தான் அவிழ்ந்து கிடந்தது. அதை இடது கை விரல்களால் மாட்டப் பார்த்தார். விரல்கள் பொத்தானைத் தொட்டன, பிடிக்கவில்லை. நான் பதறிப்போய்க் கை நீட்டினேன்.

"வேணாம்" என்றார்.

6. முப்பது வருஷம்

அந்தக் கிளப்பிலும், பிறகு டவுன் ஸ்கூல் ஒன்றிலும் மொத்தம் முப்பது வருஷம் மைதானம் பார்த்தேன். ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால், விரலை நம்பாமல், இருபது அடி ஓடி வந்து என் தோளையும் தலையையும் ஒவ்வொரு கம்பத்திலும் மோதிப் பார்த்திருக்கிறேன். கிறுக்கன் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இரண்டு முறை எனக்கு நெற்றி வீங்கியது. அந்த இரண்டு முறையும் சாக்கை அவிழ்த்து எறிந்துவிட்டு, கம்பம் வெறுமையாக இருக்கிறது என்று ஆடுகிறவர்களிடம் உரக்கச் சொன்னேன். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் அதுதான். கெட்டுப்போன காப்பைக் கழற்றிவிடுங்கள். வெறும் கம்பத்தை யாரும் நம்பி வருவதில்லை.

பயப்படாதே என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. பேர் வெட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தவன் நான். ஆனால் "சரிதானே?" என்று ஒருவர் கேட்கும்போது, அவர் தன் கழுத்தை நம் கையில் வைத்துவிட்டுக் கேட்கிறார்.

இப்போதெல்லாம் குழம்பில் உப்புச் சரிதானே என்று பாக்கியம் கேட்டால்கூட எனக்கு உடனே பதில் வருவதில்லை. இன்னொரு வாய் சாப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்வேன். அவள் கேலி செய்வாள். ஏனென்று அவளுக்குத் தெரியாது. தம்பியின் பேரும் இதில் இருக்கிறதே என்று இத்தனை வருஷமும் அவளிடம் மறைத்துவிட்டேன். செல்லையா செத்துப்போய் நாலு வருஷமாகிறது. இதை எழுதி முடித்ததும் முதலில் அவளிடம்தான் வாசித்துக் காட்டப் போகிறேன். அதற்கும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.