எட்டாவது துப்பாக்கி

என்னிடமிருந்து ஏழு துப்பாக்கிகளைப் பறித்துக்கொண்ட மனிதருக்கு எட்டாவது ஒன்றை நானே என் கையால் செய்து கொடுத்தேன். செய்து முடிக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை பார்த்த காலம் வேறு இல்லை.

போர்ட் பிளேருக்கு நான் வந்தது ஐம்பதுகளின் நடுவில். ராமநாதபுரம் பக்கத்து ஆள். படகுகளையும் லாஞ்சுகளையும் பழுதுபார்க்கும் அரசுப் பட்டறை ஒன்றில் ஃபிட்டர் வேலை, கூடவே ஒரு சிறிய குவார்ட்டர்ஸ். ஒருமுறை நெல் அரைக்கும் இயந்திரத்தைச் சரிசெய்ய சௌல்தாரி கிராமத்துக்குப் போனேன். அங்கே ஒரு வங்காளி விவசாயி தன் மாட்டுக்கொட்டகை வாசலுக்குக் குறுக்கே ஒரு இரும்பைப் போட்டு வைத்திருந்தார். துரு மூடிய அந்த இரும்பின் அடியில் வளையம் போல ஒரு நெம்புகோல் தொங்கியது. கீழே இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. சாக்கால் தேய்த்ததும் பக்கவாட்டில் ஒரு கிரீடமும், கீழே ராணியின் முதலெழுத்துகளும் தெரிந்தன. கொட்டகைக்கு நல்ல மூங்கில் ஒன்றை வெட்டிப் போட்டுக் கொடுத்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அது மார்ட்டினி-ஹென்றி. வெள்ளைக்காரன் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த காலத்தில் காவல் சிப்பாய்கள் தோளில் சுமந்த துப்பாக்கி. ஒரு தடவைக்கு ஒரே தோட்டாதான் போட முடியும். சுட்டபின் நெம்புகோலை இழுத்து, வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்ததைக் கையால் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் மூன்று வாரம் ஊறவைத்து, ஒவ்வொரு திருகாகக் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டினேன். நெம்புகோல் முதன்முதலாக இறங்கியபோது எழுந்த சத்தத்தை வீட்டுக்குள்ளிருந்து கேட்ட என் மனைவி, “என்னங்க, கதவு திறந்துச்சா?” என்றாள்.

அதன்பின் வேலைக்கு எங்கே போனாலும் என் கண் இரும்பைத்தான் தேடியது. ரங்கத்தில் ஒரு டீக்கடையில் ஸ்னைடர் துப்பாக்கி ஒன்றின் குழலை அடுப்பு ஊதப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். மீதிப் பாகங்கள் கடைக்குப் பின்னால் கிடந்தன. அதன் தோட்டா அறை, பெட்டி மூடி போலப் பக்கவாட்டில் திறக்கும். லாங் ஐலண்டில் சேற்றில் நட்டு, டோங்கி என்னும் சிறு படகைக் கட்டிவைத்திருந்த இரண்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். இப்படி ஐந்து வருடத்தில் ஏழு சேர்ந்தன. குழலுக்குள் துரு தின்றிருந்ததால் ஒன்றுகூடச் சுடாது. சுடவே முடியாத பழைய துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவைத்திருந்தேன். அக்கம்பக்கத்தில் என்னைப் ‘பந்தூக்வாலா’, துப்பாக்கிக்காரன், என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

என் வீட்டுக்கு அடிக்கடி வந்து போனவர்களில் ஒரு மரக் காண்டிராக்டர் இருந்தார். எங்கள் ஊர்ப்பக்கம்தான். நான் வந்த அதே கப்பலில், எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்து வந்தவர். நான் ஃபிட்டராகவே இருக்க, அவர் சில வருடங்களில் யானை வைத்துக் காட்டில் மரம் இழுக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தார். நான் அவரை அண்ணே என்பேன். ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு என்றால் என் மனைவி அவருக்கும் சேர்த்தே உலை வைப்பாள்.

ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மார்ட்டினியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“தம்பி, இத எனக்குக் குடுத்துரு. பெரிய சாப் ஒருத்தருக்குப் பரிசா, தோஃபாவா குடுக்கணும். இந்த வருசம் காட்டுல மரம் வெட்டுற கூப்பு அவர் கையிலதான் இருக்கு.”

வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அது மட்டும் முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. சிரித்து, வெற்றிலை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் ஒரு காலைப் பொழுதில் ஜீப் வந்து நின்றது. அரசு ஊழியன் வீட்டில் ஆயுதங்களைப் பதுக்கி வைத்திருப்பதாக மனு போயிருக்கிறது. ஏழையும் சாக்கில் சுற்றி எடுத்துப்போனார்கள். நான் சஸ்பெண்ட் செய்யப்பட்டேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். தகரக் கூரை போட்ட ஓர் ஒற்றை அறைக்குப் போனோம். மழைக்காலத்தில் அந்தக் கூரைக்குக் கீழே ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. என் மனைவி ஊரார் ஜாக்கெட்டுகளைத் தைத்து எங்கள் சோற்றைப் பார்த்துக்கொண்டாள். ஒரு வருடத்துக்கு நெருங்கி இப்படியே போனது. முன்பு டீ வாங்கிக் கொடுத்தவர்கள் பஜாரில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்கினார்கள். காண்டிராக்டர் மட்டும் இரண்டு முறை வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் முறை பிஸ்கட் டின் கொண்டுவந்தார்.

கடைசியில், இவை எதுவும் சுடாது என்று விசாரித்தவர்களே எழுதி வழக்கை முடித்தார்கள். வேலை திரும்பக் கிடைத்தது. துப்பாக்கிகளைக் கேட்டேன். கழிவு இரும்போடு சேர்த்துக் கடலில் கொட்டியாகிவிட்டது என்று பதில் வந்தது. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன்.

சில மாதம் கழித்துக் காண்டிராக்டரின் மகளுக்குச் சடங்கு. ஊரிலிருக்கும் தமிழர்கள் எல்லாருக்கும் அழைப்பு, எங்களுக்கும். புதுக் கூடத்தின் சுவரில், வார்னிஷ் அடித்துப் பளபளவென்று, என் மார்ட்டினி தொங்கியது. நான் தேய்த்தபோது விழுந்த கீறல்கூட நெம்புகோலில் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே நின்றுகொண்டு அவர் விருந்தாளிகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். சௌல்தாரியில் ஒரு மாட்டுக்கொட்டகையில் அதைத் தான் கண்டெடுத்தது, மூங்கில் வெட்டிக் கொடுத்தது, மூன்று வாரம் மண்ணெண்ணெயில் ஊறவைத்தது. என் கதையை ஒரு சொல் விடாமல் சொன்னார். பிறகு கூட்டத்துக்குள் என்னைப் பார்த்துவிட்டார்.

“தம்பிக்கும் இதெல்லாம் தெரியும். கேட்டுப் பாருங்க. என்ன தம்பி?”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

மனு போட்டது யார், கடலில் கொட்டியதாகச் சொன்ன துப்பாக்கி எந்த வழியாக அந்தச் சுவருக்கு வந்தது என்பதெல்லாம் எனக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. வீடு திரும்பும் வழியில் என் மனைவி ஒன்றுதான் சொன்னாள்: “அந்தாளுக்குச் சோறு போட்ட கை இது. எரியுது.”

அவர் இப்போது துப்பாக்கி நிபுணராகிவிட்டார். அதிகாரிகள் மாலை வேளைகளில் அவர் கூடத்துக்கு வந்தார்கள். இன்னும் துப்பாக்கிகள் வேண்டும் என்று தீவெல்லாம் ஆள் விட்டிருந்தார். அதைக் கேள்விப்பட்டபோதுதான் எனக்கு யோசனை வந்தது. அவர் ஆசைப்படுவதை நானே கொடுத்துவிடுவது.

பட்டறையில் உணவு இடைவேளை ஒரு மணி நேரம். கழித்துப் போட்ட குழாய் ஒன்றைக் குழலாக்கினேன். வழக்கு முடிந்தபின் ரங்கத்தில் கிடைத்த உடைந்த ஸ்னைடர் மூடி ஒன்றைப் பக்கவாட்டில் பொருத்தினேன். அடியில் மார்ட்டினிக்கு உள்ளது போல ஒரு நெம்புகோல் வைத்தேன். உலகத்தில் எந்தத் தொழிற்சாலையும் அப்படி ஒன்றைச் செய்ததில்லை. கிரீடம் குத்தினேன். இரும்பை உப்புநீரில் போட்டு எடுத்துத் துருவேற்றினேன். குழலுக்குள் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி அடைத்தேன்.

கட்டைக்கு மட்டும் நிறைய யோசித்தேன். அந்தக் காலத்து ராணுவத் துப்பாக்கிகளுக்கு வால்நட் மரம்தான். நான் படாக்கை எடுத்தேன். அந்தமான் காட்டில் வளரும் சிவப்பு மரம். அந்த மரத்தை வெட்டித்தான் அவர் பணக்காரர் ஆனார். டீத்தூளும் கடுக்காயும் காய்ச்சிய சாற்றில் ஊறவைத்து, புகைபோட்டு, கருப்பாக்கி எண்ணெய் தடவினேன். வேண்டுமென்றே அதைத் தேர்ந்தெடுத்தேன். தினமும் கையில் புரளும் மரத்தை அவர் அடையாளம் தெரியாமல் கொஞ்ச வேண்டும். விவரம் தெரிந்த ஒருவர் என்றாவது வந்து அதைச் சொல்ல வேண்டும்.

சௌல்தாரி விவசாயியிடம் போனேன். தன் கொட்டகையில் காண்டிராக்டர் துப்பாக்கி கண்டெடுத்த கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அந்த ஆளைத் தான் பார்த்ததே இல்லையே என்று இந்தியில் திட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் உடனே சம்மதித்தார். துப்பாக்கியை வைக்கோலுக்குள் செருகிவைத்துவிட்டு, பஜாருக்கு வந்தபோது பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார். மூன்றாம் நாளே காண்டிராக்டரின் லாரி அங்கே போய் நின்றது. விவசாயி பிடிவாதம் பிடித்து ஒரு கறவை எருமைக்கு அதை மாற்றிக்கொண்டார்.

நான் எதிர்பார்க்காத ஒன்று அதன்பின் நடந்தது. காண்டிராக்டர் அதை எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். துணியைப் பிரித்துக் காட்டினார். நான் செய்த பொருளை முதன்முதலாகப் பார்ப்பது போல வாங்கிப் பார்த்தேன். மூடியை ஒருமுறை திறந்து மூடினேன்.

“எப்படி இருக்கு தம்பி?”

“இந்த மாதிரி ஒண்ண நான் பார்த்ததே இல்லண்ணே.”

அவர் முகம் மலர்ந்தது. குழலில் ஏதோ அடைத்திருக்கிறதே, அதை எடுத்துச் சுடும்படி செய்ய முடியுமா என்று கேட்டார். லாங் ஐலண்டுக்கு அதிகாரிகளோடு மான் வேட்டைக்குப் போகிறாராம். முதல் வெடியைத் தானே வெடிக்க வேண்டுமாம். இரண்டு நாள் வைத்திருந்து சரிசெய்து கொடு என்று விட்டுவிட்டுப் போனார்.

அந்த இரண்டு நாளை நான் மறைக்காமல் எழுத வேண்டும். அது தண்ணீர்க் குழாய். ஈயத்தை எடுத்துவிட்டால் போதும், மிச்சத்தை அவரே செய்துகொள்வார். விசையை இழுக்கும்போது அவர் கன்னம் அந்தக் கட்டையில் பதிந்திருக்கும். யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. முதல் நாள் முழுவதும் அதை நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நினைக்க இனிமையாக இருந்தது. என் மனைவி தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து, துப்பாக்கியையும் என் முகத்தையும் பார்த்தாள்.

“செத்துட்டா அவருக்கு எப்படிங்க தெரியும்?” என்றாள்.

இரக்கப்பட்டுச் சொன்னதல்ல அது. எனக்குப் புரிந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினேன். அவர் வந்ததும், இதைச் சுடக்கூடாதண்ணே, உங்கள் முகத்திலேயே வெடிக்கும், பார்வைக்கு வைத்திருங்கள் என்றேன். அந்தத் துப்பாக்கியைப் பற்றி அதுவரை அவரிடம் நான் சொன்ன ஒரே உண்மை அது.

அந்த வருடம் பள்ளி மைதானத்தில் கண்காட்சி போட்டார்கள். மெயின்லாண்டிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். மேடையில் வைத்து அவருக்குக் காண்டிராக்டர் அந்தத் துப்பாக்கியைப் பரிசளிப்பதாக ஏற்பாடு. அதிகாரியோடு கூட வந்தவர்களில், ராணுவத் தளவாடப் பட்டறையில் தலைநரைக்கும்வரை வேலை பார்த்த ஒருவர் இருந்தார். காண்டிராக்டர் வெள்ளைச் சட்டையில் நின்று, சிறைக்காவல் தலைவருக்காகவே தனியாகச் செய்த துப்பாக்கி இது என்று மைக்கில் சொன்னார். நான் மூன்றாம் வரிசையில் நின்றிருந்தேன்.

தளவாடப் பட்டறைக்காரர் அதை வாங்கினார். நெம்புகோலை இழுத்தார், மூடியைத் திறந்தார். புருவத்தைச் சுருக்கினார். இது என்ன மரம் என்று இந்தியில் கேட்டார்.

“விலாயதி மால், சாப். வால்நட்,” என்றார் காண்டிராக்டர், சீமைச் சரக்கு என்ற பெருமையோடு.

பட்டறைக்காரர் தன் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்துக் கட்டையில் ஒரு கோடு கிழித்தார். கருப்புக்கு அடியில் சிவப்பு தெரிந்தது. முகர்ந்து பார்த்தார்.

“யே தோ படாக் ஹை,” இது படாக் ஆயிற்றே என்றார். பீரங்கி வண்டிகளுக்கு இந்த மரத்தைத்தான் வருடக்கணக்காக அறுத்துக்கொடுத்தேன், எனக்குத் தெரியாதா என்று சிரித்தார். அவர் சொன்னதெல்லாம் மைக்கில் கேட்டது.

முதலில் சிரித்தவர்கள் யானைப்பாகர்கள். பிறகு மைதானமே சிரித்தது. பெரிய அதிகாரி சிரிக்கவில்லை. படாக்கை அடையாளம் தெரியாத மனிதரா நமக்கு மரம் கொடுக்கிறார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். காண்டிராக்டர் அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் கண்ணெடுக்காமல் பார்த்தேன்.

அதன்பின் அவருடைய மரங்களை மறுபடி அளந்தார்கள். அளவு கணக்கோடு ஒத்துவரவில்லை. அடுத்த கூப்பு வேறு ஆளுக்குப் போனது. கூடத்துக்கு யாரும் வரவில்லை. பஜாரில் அவர் முதுகுக்குப் பின்னால் ‘படாக் சாப்’ என்று குரல் வரும். ஒன்றரை வருடத்தில் யானையை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு சென்னைக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தார்.

நான் விடுப்புப் போட்டுவிட்டு ஜெட்டிக்குப் போனேன். அவர் பார்க்கும்படியாக நிற்க வேண்டும் என்றுதான் போனேன். பெட்டிகளுக்கு நடுவே நின்றவர் என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார். மெலிந்திருந்தார்.

“நீதானே?”

“ஆமாண்ணே.”

கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்தார். நான் கேட்டேன், மார்ட்டினி எங்கே என்று.

“கடல்ல போட்டுட்டேன். கண்காட்சி முடிஞ்ச மறுநாளே. உனக்குக் கெடைக்கக் கூடாதுன்னு.”

சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

பொய் சொல்லியிருக்கலாம், பெட்டிக்குள்ளேயே கொண்டுபோயிருக்கலாம் என்று தோன்றியது. இருந்தாலும் அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை டோங்கியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குக் கீழே கடலில் கொக்கிக் கயிறு விட்டு இழுத்தேன். ஒரு பழைய நங்கூரம் சிக்கியது. மூன்றாம் ஞாயிறு என் மனைவி கயிற்றை எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள்.

அதற்குமேல் நான் துப்பாக்கி எதையும் சேர்க்கவில்லை. எழுபதுகளில் ஒருவர் திக்லிபூரிலிருந்து ஸ்னைடர் ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து நின்றபோதும் தொட்டுப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். கோயிலிலோ பள்ளிவாசலிலோ மன்னிப்பைப் பற்றி யாராவது பேசினால் மரியாதையாகக் கேட்டுக்கொள்வேன். அப்போதெல்லாம் மேடையில் அவர் உதடு அசைந்தது என் கண்முன் வரும். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அது எனக்குக் கசந்ததில்லை.