வயர் கூடைக்கு ஒரு புத்தகம்

வள்ளிநாயகி ஆர்.கே.பேட்டையில் தறி வீட்டில் பிறந்தவள். திருத்தணியில் பரந்தாமனுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டாம் வருஷம், மெட்ராஸிலிருந்து யாரோ கொண்டுவந்த வயர் கூடையை இரவல் வாங்கி, முடிச்சு முடிச்சாகப் பிரித்துப் பார்த்து, பிரித்தது தெரியாமல் திரும்பப் பின்னிக் கொடுத்தாள். அவள் படித்த படிப்பு அவ்வளவுதான். பதினொரு வருஷத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அவளிடம் கற்றுக்கொண்டார்கள்.

1979இல் தனக்குத் தெரிந்த பதினெட்டு வகைக் கூடைகளையும் சொந்தச் செலவில் புத்தகமாகப் போட நினைத்தாள். கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு முடிச்சையும் வரைந்து வைத்திருந்தாள். முன்பின் பார்த்திராத ஒரு பெண், சொல்லித்தர ஆளில்லாமல், படத்தைப் பார்த்தே பின்னிவிட வேண்டும். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

பரந்தாமனுக்கு அது போதவில்லை. பகலில் தாலுகா ஆபீஸில் தபால் பதிகிறவர், மாலையில் தமிழ் மன்றத்தின் செயலாளர். மன்றத்தில் செயலாளர் போக மூன்று பேர். புத்தகம் என்றால் கைக்கடக்கமான கிரவுன் அளவில், காலிகோ துணி ஒட்டிய அட்டையில், முதுகில் தங்க எழுத்தோடு இருக்க வேண்டும் என்றார். முன்னால் பன்னிரண்டு பக்கம் அவருடைய அணிந்துரை. அதற்கும் முன்னால் கலைமகள் வணக்கம், விருத்தத்தில். கூடை என்ற சொல் ஒன்பதாம் பக்கத்தில்தான் முதன்முதலாக எட்டிப் பார்த்தது.

அரக்கோணத்தில் அச்சகம் வைத்திருந்த சேஷகிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இருவரும் அச்சகத்துக்குப் போனபோது மாதிரி ஒன்று தைத்தும் வைத்திருந்தார். சின்னப் பக்கத்தில் படங்கள் சுருங்கிப்போயிருந்தன. கூடையின் அடிப்பாகத்தை இரண்டு பக்கத்தில் பரப்பியதில், நடுவே இரண்டு வரிசை முடிச்சு தையலுக்குள் போய்விட்டது.

"இத்த வச்சுகினு யாரு பின்னுவாங்க?" என்றாள் வள்ளிநாயகி.

"புத்தகம்னா அலமாரில நிக்கணும் வள்ளி. படிச்சவன் பாத்துப் புரிஞ்சுக்குவான்."

"நீங்க படிச்சவருதானே? பாத்துப் பின்னுங்க."

பையிலிருந்து பச்சை வயரை எடுத்துத் தரையில் போட்டாள். சேஷகிரி மேஜையைத் தானே தள்ளி இடம் பண்ணிக் கொடுத்தார். பரந்தாமன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு கையும் வயரைப் பிடித்ததும் விரித்து வைத்த புத்தகம் தானாக மூடிக்கொண்டது. அதைத் திறந்தார், முடிச்சு அவிழ்ந்தது. முடிச்சைப் பிடித்தார், புத்தகம் மூடிக்கொண்டது.

"இத்தக் கொஞ்சம் பிடியேன்."

"வாங்கறவங்க வூட்டுக்கெல்லாம் நான் போய்ப் பிடிச்சுகினு நிக்கவா?"

கடைசியில் அவர் காலை நீட்டி, கட்டை விரலால் பக்கத்தை அழுத்திக்கொண்டார். பக்கம் நின்றது. முடிச்சும் விழுந்தது. செயலாளர் வெற்றியோடு நிமிர்ந்தார்.

"சார்," என்றார் சேஷகிரி மெதுவாக. "காலு."

பரந்தாமன் காலை வெடுக்கென்று இழுத்தார். புத்தகத்தைத் தொட்டு இரண்டு கண்ணிலும் மூன்று தடவை ஒற்றிக்கொண்டார். முடிச்சு மறுபடி அவிழ்ந்தது.

"பின்னறவங்க எல்லாரும் இப்பிடித்தான் மிதிப்பாங்க," என்றாள் வள்ளிநாயகி. "உங்க கலைமகளையும் சேத்து."

சுவரில் போன வருஷத்து முருகன் காலண்டர், மேலே தகரப்பட்டையோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினாள். "அந்த மாதிரி போடுங்க ஐயா. பெரிய தாளு, தாளுக்கு ஒரு கூடை. ஆணில மாட்டிட்டு ரெண்டு கையாலயும் பின்னட்டும்."

"அது புத்தகமே இல்ல!" என்றார் பரந்தாமன். "முதுகு எங்க? என் அணிந்துரை எங்க போவும்?"

"கடைசித் தாளுக்குப் பின்பக்கம் சும்மாதான் கிடக்கும்."

பொடி எழுத்தில் போட்டால் பன்னிரண்டு பக்கமும் அதில் அடங்கிவிடும் என்று சேஷகிரி கணக்குப் பார்த்துச் சொன்னார். அதில் பரந்தாமனுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

தாள்கள் அச்சாகி, ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தில் விற்று ஒரு மாதம் இருக்கும். மணவூரிலிருந்து ஒரு பெண் விசாரித்துக்கொண்டு வந்தாள். பெயர் மணியம்மை. கையில் புதுக் கூடை. வள்ளிநாயகி அதை வாங்கிக் கவிழ்த்து, அடிப்பாகத்தில் விரல் வைத்து எண்ணினாள். ஒரு முடிச்சு குறையவில்லை.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாருமில்லீங்க. ஆணில மாட்டிவச்சிப் பாத்துதான் பின்னுனேன்."

பரந்தாமன் உள்ளேயிருந்து சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "அணிந்துரை படிச்சியாம்மா?"

மணியம்மை அவரையும் வள்ளிநாயகியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பின்னாடியும் இன்னாவாச்சும் எழுதிக்கீதுங்களா?"