சந்தனம் பூசிய பிளக்

பதுளைக் கடைவீதியில் என் காருக்குப் புது ஸ்பார்க் பிளக் மாட்டிய மெக்கானிக், பானட்டில் வைக்கச் சந்தனம் குழைத்தான். பெட்ரோலும் சந்தனமும் சேர்ந்து மணந்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது, மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் துரையின் பந்தயக் காருக்கு அப்பா டிரைவர். ஆயுதபூசையன்று அவர் புதுப் பிளக்குகளை மாட்டப் போனபோது பெரிய கங்காணி பிடுங்கிக்கொண்டார்.

“சந்தனம் வைக்காம மாட்டுனா சாமி குத்தம்டா.”

“நுனியில வேணாங்க, பொறி வராதுங்க.”

கங்காணி கேட்கவில்லை. ஒவ்வொரு நுனியிலும் ஈரச் சந்தனத்தை அப்பிக் கொடுத்தார். துடைக்கப் பயந்து அப்பா அப்படியே மாட்டினார். கார் கிளம்பவில்லை. துரை ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “யாரு செஞ்சது?” என்று கத்தினார். கங்காணி அப்பாவைக் காட்டினார். துரையின் பூட்ஸ் கால் அப்பாவின் வயிற்றில் இறங்கியது. கங்காணி முதுகுக்குப் பின்னே மறைத்த சந்தன விரல்கள், பின்னால் நின்ற எனக்கு மட்டும் தெரிந்தன.

“பொட்டு வைக்கட்டுங்களா?” என்று மெக்கானிக் சிரித்தான்.

“மொதல்ல கையக் கழுவிட்டு வாடா.”