சுங்கக் கொட்டகையில் ஒரு வெள்ளைச் சீலை

எழுத்துப் பிழை கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுவேன், இதில் எழுதுவதென்றால் கேட்கவா வேண்டும். மறதியும் வந்துவிட்டது. அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிட்டுப் புகைமணி அடித்த பிறகு ஓடுகிறேன். ஆனால் சின்ன வயதில் நடந்த இந்த ஒரு விஷயம் மட்டும் மறக்காமல் கிடக்கிறது.

எழுதச் சொன்னவள் என் மகள். மிசிசாகாவில் விமான நிலையத்தில், வந்திறங்குகிற சனங்களின் பெட்டிகளைத் திறந்து சோதிக்கிற வேலை அவளுக்கு. கருநீலக் காற்சட்டையும் இடுப்புப் பட்டியுமாக அவள் வேலைக்கு இறங்கினால் எங்கள் டோர்செட் பார்க் மாடிக் கட்டடத்தின் லிஃப்டுக்குள் பகிடி தொடங்கிவிடும்.

"பிள்ளை, சனிக்கிழமை என்ர மச்சாள் வாறா. கருவாட்டைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளு, என்ன?"

"ஓம் அன்ரி. முதல் வேலையா உங்கட மச்சாளின்ர பெட்டியைத்தான் திறப்பன்."

போன மாதம் ஒரு நாள் வேலையால் வந்தவள் சப்பாத்தைக் கழற்றும்போதே சிரித்தாள். "அம்மா, இண்டைக்கு ஒரு அன்ரி மூண்டு சீலையை ஒண்டுக்கு மேல ஒண்டா உடுத்துக்கொண்டு வந்திறங்கினவ. குளிருக்காம்!" நானும் சிரித்தேன். சிரிப்பு நின்ற பிறகு கண்ணீர் நிற்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு இதைச் சொன்னேன். "எழுதி வையுங்கோ அம்மா" என்றாள்.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, கலியாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணுக்குக் கூறைச் சீலை எடுப்பது எங்கள் பக்கத்துக் கடமை. உலக யுத்தம் முடிந்து சில வருடமாகியும் இலங்கையில் கடைகளில் நல்ல பட்டு இல்லை. மதுரையில் எடுப்போம், வரும் வழியில் இராமேஸ்வரத்தில் வைத்துக் கும்பிட்டுக் கொண்டு வருவோம் என்று பெரியம்மா முடிவு கட்டினார். அம்மாவின் அக்கா அவர். அவர் முடிவு கட்டினால் வீட்டில் மறுபேச்சு இல்லை.

யுத்தத்துக்கு முந்தி இந்தியாவுக்குப் போவது எங்கள் சனத்துக்குப் பெரிய காரியமாக இருக்கவில்லை. தலைமன்னாருக்கு ரெயில், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல், பிறகு திரும்பவும் ரெயில். இரண்டு கரையிலும் ஒரே வெள்ளைக்காரன், ஒரே கொடி. தோட்டங்களுக்கு வருகிற கூலிச் சனங்களைத்தான் மண்டபம் முகாமில் மறித்து வைத்துச் சோதித்து விடுவார்கள். யுத்த காலத்தில், யப்பான்காரன் வருவான் என்று கரையெல்லாம் காவல் போட்டார்கள். யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரனும் போனான், காவல் மட்டும் போகவில்லை. அங்கே ஒரு கொடி, இங்கே ஒரு கொடி. படத்தோடு கடதாசி வேண்டும் என்றார்கள். புதுச் சீலைக்குத் தீர்வை என்றார்கள். களவாகத் தோணியில் வருகிறவர்களைக் கள்ளத்தோணி என்கிற பேச்சும் அந்த நாட்களில்தான் எங்கள் ஊர்ச் சந்தையில் அடிபடத் தொடங்கியது.

பெரியம்மா இதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. "எங்கட கோயில், எங்கட கடல். இடையிலை நிண்டு கேக்க உவங்கள் ஆர்?" என்று தனுஷ்கோடிச் சத்திரத்தில் நின்றபடியே நாலு புதுச் சீலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக உடுத்தார். உடுத்த சீலைக்குத் தீர்வை கேட்க முடியாது என்பது அவர் கண்டுபிடிப்பு. அம்மா பயந்து பயந்து இரண்டு உடுத்தார்.

மிஞ்சியது கூறை. அதை உடுக்க முடியாது. கூறை முதல்முதல் விரிவது மணப்பெண்ணின் உடம்பில்தான். மடிப்புக் குலையாமல் பெட்டியில் வைத்தால் புதுச் சரக்கென்று பிடித்துக்கொள்வார்கள். பிடித்தால் அடுத்த புதன்கிழமை மாமா மணவறையில் வெறுந் தட்டத்தோடு இருக்க வேண்டியதுதான். பெண் வீட்டார் ஏற்கெனவே எங்களை ஒரு பிடி குறைவாக மதிக்கிறவர்கள். அம்மா அழுகிற நிலைக்கு வந்துவிட்டார்.

பெரியம்மாவின் கண் என்மேல் விழுந்தது.

கூறையை மடித்தபடியே என் வயிற்றில் வைத்து, கோயில் குங்குமப் பொட்டலத்தையும் அதன் கீழே செருகி, வேட்டித் துண்டால் இறுக்கிக் கட்டி, மேலே சட்டையைப் போட்டுவிட்டார். "ஆரும் கேட்டால் வயித்திலை பூச்சி எண்டு நாங்கள் சொல்லுவம். நீ வாயே திறக்கப்படாது" என்றார். அது எனக்குச் சுலபம். நான் அப்போதும் வாய் திறக்காத பிள்ளைதான்.

கப்பலில் யாரோ, "இந்தா, எல்லை வருது" என்று சொன்னார்கள். எல்லையைப் பார்க்க நான் கம்பிக்கு ஓடினேன். கடலில் கயிறு கட்டியிருப்பார்கள், அல்லது தண்ணீரின் நிறமாவது மாறும் என்று நினைத்தேன். எட்டி எட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒரு பெரிய அலைதான் கப்பலில் மோதி என்னை முன்பக்கம் முழுதும் நனைத்துவிட்டுப் போனது. இந்தியத் தண்ணீரோ இலங்கைத் தண்ணீரோ தெரியாது.

தலைமன்னாரில் இறங்கினால், ரெயிலுக்குப் போகிற வழியில் சுங்கக் கொட்டகை. நீள மேசைக்குப் பின்னால் வெள்ளைக் காற்சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக உத்தியோகத்தர்கள். ஒரு மூலையில் துணி மறைப்பு. அதன் பக்கத்தில் பெண்களைச் சோதிக்கிற பொம்பிளை நின்றார். அவரும் வெள்ளைச் சீலை. காதில் கழுத்தில் கையில் ஒன்றுமில்லை, நெற்றியும் வெறுமை. ஆண்களின் உடுப்பைப் போல அதுவும் அரசாங்கம் கொடுத்த உடுப்பென்று நினைத்தேன். ஒரு பொம்பிளை சொல்ல, சத்தம் போடுகிற ஆம்பிளைகள் எல்லாம் ஒதுங்கி வழி விடுவதை நான் அதுவரை கண்டதில்லை. வைத்த கண் வாங்காமல் பார்த்தேன்.

அப்போது பெரியம்மா என் காலைப் பார்த்தார். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை சிவப்பாக ஒரு கோடு.

"ஐயோ! பிள்ளை பெரியபிள்ளையாகீட்டாள்!"

அவ்வளவுதான். தொப்பி போட்ட உத்தியோகத்தர் முகட்டைப் பார்த்தார். மற்றவர் மேசைக்குக் கீழே எதையோ தேடினார். முன்பின் தெரியாத பெண்கள் எல்லாம் சீலைத் தலைப்பை விரித்து என்னைச் சுற்றி மறைத்து நின்றார்கள். பெரியம்மா பதறியது உண்மை. ஆனால் பதற்றத்திலும் அவர் புத்தி நிற்காது. "வழி விடுங்கோ, ஆம்பிளையளின்ர கண் படாமல் பிள்ளையை ரெயிலிலை ஏத்தவேணும்" என்று நாலு சீலையோடும் முன்னுக்கு உருளத் தொடங்கினார்.

"நில்லுங்கோ" என்றார் வெள்ளைச் சீலைக்காரி. உரத்துச் சொல்லவில்லை. "ஒவ்வொருத்தரா. முதல் பிள்ளை வரட்டும்."

மறைப்புக்குள் அவர் என் முன்னால் குந்தி, கணுக்காலில் இருந்த சிவப்பை ஒரு விரலால் தொட்டு மணந்து பார்த்தார். உடனே சிரித்தார். "குங்குமம்! எந்தக் கோயில்?" நான் வாய் திறக்கவில்லை. சிவப்புப் பட்ட விரல் தன்பாட்டில் அவர் நெற்றியை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. பிறகு திரும்பி வந்து என் நெற்றியில் பொட்டு வைத்தது.

சட்டைக்கு மேலால் என் வயிற்றைத் தொட்டார். "உதென்ன?"

நான் சட்டையை இறுக்கிப் பிடித்தேன்.

"கூறையே?"

பேசத்தானே கூடாது. தலையை ஆட்டினேன்.

அடுப்பில் பட்டது போலக் கையை இழுத்துக்கொண்டார். எழுந்து ஓரடி பின்னுக்குப் போனார். "ஆற்றை கலியாணம்?" என்றார். "மாமான்ர" என்று என்னையறியாமல் வந்துவிட்டது. "நனைஞ்சு கிடக்கு. நிழலிலை காயப் போடச் சொல்லு, வெயில் கூடாது. அது என்ர கையிலை படேல்லை எண்டு கொம்மாட்டைச் சொல்லு, என்ன?"

வெளியே போய், "ஒண்டுமில்லை, கோயில் குங்குமம் கரைஞ்சிருக்கு. பிள்ளை போகலாம்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு பெரியம்மாவைப் பார்த்தார். "நீங்கள் வாங்கோ அக்கா. நாலையும் கழட்டுங்கோ."

எப்படி நாலென்று கண்டாரோ! வெளியில் தெரிந்தது ஒன்றுதான். பெரியம்மா மறைப்புக்குள் போகும்போது இருந்த பருமனுக்கும் வரும்போது இருந்த பருமனுக்கும் இரண்டு ஆள் என்று சொல்லலாம். மேலதிகச் சீலைகளுக்கு ஒரு சதம் குறையாமல் தீர்வை கட்ட வைத்தார். அம்மாவையும் விடவில்லை. கெஞ்சலும் எடுபடவில்லை, அதட்டலும் எடுபடவில்லை. இப்படி ஒருத்தி காவல் நின்றால் எல்லை எல்லையாகத்தான் இருக்கும்.

ரெயிலில் பெரியம்மா முழுவழியும் திட்டினார். "கப்பலாலை இறங்கேக்கையே நினைச்சன், முதல் கண்டதே வெள்ளைச் சீலை, முழிவியளம் சரியில்லை எண்டு. நல்ல காலம், கூறை அவளின்ர கண்ணிலை படேல்லை." தன் உபாயம்தான் வென்றது என்று கடைசி வரை நம்பினார். மதவாச்சியில் வண்டி மாறும்போது அம்மாவின் காதில் நான் நடந்ததைச் சொன்னேன். அம்மா தலைமன்னார்ப் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். இராமேஸ்வரத்தைத்தான் கும்பிடுகிறார் என்று நினைத்தேன்.

புதன்கிழமை கலியாணம் குறையில்லாமல் நடந்தது. கூறையின் ஒரு மூலையில் குங்குமம் ஊறியிருந்ததை அம்மனின் அருளென்று பெண் வீட்டார் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

கலியாண வீட்டில் பிள்ளைகள் எல்லாரும் விளையாடினோம். நான் சுங்கக்காரியானேன். ஐயாவின் வெள்ளை வேட்டியைச் சீலையாகச் சுற்றினேன். காப்பைக் கழற்றினேன், சங்கிலியைக் கழற்றினேன், பொட்டையும் அழித்தேன். எல்லாம் அவரைப் போலவே இருக்க வேண்டுமே. வாங்குப் பலகையைக் குறுக்கே போட்டு, "ஒவ்வொருத்தரா வாங்கோ" என்று மிடுக்காகச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

பலகாரத் தட்டோடு வந்த அம்மா என்னைக் கண்டார். தட்டு கீழே விழுந்தது. கன்னத்தில் ஓர் அறை. அம்மா என்னை அடித்தது அன்று ஒரு நாள்தான். "கலியாண வீட்டிலை உதென்ன கோலம்!" என்று பெரியம்மா உள்ளேயிருந்து கத்தினார். அம்மா என் நெற்றி நிறையக் குங்குமம் அப்பி, காப்பைத் திரும்பப் போட்டு, என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் அந்தப் பொம்பிளை மாதிரி வரப்போறன்" என்று சொன்னேன். அம்மா இன்னும் அழுதார். நல்ல ஆசைதானே, ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு விளங்கியது. இங்கே ஸ்காபரோ மண்டபங்களில் கலியாணம் நடக்கும்போது கூறைத் தட்டு தொட்டு ஆசீர்வதிக்க வரிசையாக வரும். என் கதிரைக்கு வர முந்தி நான் கைகழுவப் போவது போல எழும்பிப் போய்விடுவேன். ஒருவரும் போகச் சொல்வதில்லை. கை தன்பாட்டில் பின்னுக்குப் போகிறது. பழக்கத்தில் குங்குமச் சிமிழ்ப் பக்கம் போன விரல் பாதியில் நின்ற நாளும் உண்டு.

பாஸ்போர்ட் முறை எந்த வருடம் வந்தது, தீர்வை எவ்வளவு என்றெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்தவர்கள் திருத்திவிடுங்கள். இன்னொன்றையும் யாராவது விசாரித்துச் சொல்ல வேண்டும். தலைமன்னார் சுங்கத்தில் அந்த நாளில் பெண்களுக்கு வெள்ளைச் சீலைதான் உத்தியோக உடுப்பாகக் கொடுத்தார்களா? அப்படித்தான் என்று யாராவது சொன்னால், நான் இவ்வளவு காலமும் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று சந்தோஷப்படுவேன்.